அழுகைக்கு முன் வரவேற்புரை

6 ஜூன் 2021, ஞாயிறு

அவர் போய் இருபத்து மூன்று நாள். ஆஸ்பத்திரியிலிருந்து நேரே மின்மயானம். முகம்கூடப் பார்க்கவில்லை. எனக்கும் கொரோனா காய்ச்சல். கட்டிப்பிடித்து அழ ஒருத்தியும் வரவில்லை. அழுகையும் வரவில்லை.

போனில் ஆறுதல் சொல்ல சர்க்கார் ஆள் உண்டு. ஆனால் மலையாளம். அரிசி வாங்க என் மலையாளம் போதும், இதுக்குப் போதாது. அதனால் நம்ம தமிழ்ச் சங்கம் போனில் வீடியோக் கூட்டம் வைக்கிறது, ஒருத்தருக்கொருத்தர் ஆறுதல் சொல்ல.

செயலாளர் ஜெயகுமார் அண்ணாச்சி வரவேற்புரை. தலைவர் தலைமையுரை. பிறகு வாழ்த்துரை! துக்கத்துக்கு என்ன வாழ்த்து? கடைசியில், "உலகம்மை தங்கச்சி, ரெண்டு வார்த்தை" என்றார். "என் வீட்டுக்காரரு" என்றேன். சரியாக ரெண்டு வார்த்தை. நேரம் முடிந்துவிட்டது.

13 ஜூன்

சங்கடம் பத்துக்கு எத்தனை மார்க் என்று அண்ணாச்சி மகள் திவ்யலட்சுமி கேட்டாள். பத்து என்றேன். "அத்தே, குறையுதுன்னு ரிப்போர்ட்ல காட்டணும் கேட்டோ. ஏழு போடட்டா?" போடு என்றேன். மீதி மூன்றை யார் எடுத்துக்கொள்வார்களோ.

20 ஜூன்

இன்று நன்றியுரை எனக்கு. "சொல்லும்போது கண்ணு கலங்கினா நல்லாருக்கும் தங்கச்சி, போட்டோ எடுக்கணும்" என்றார் அண்ணாச்சி. நன்றி சொன்னேன். கலங்கவில்லை.

27 ஜூன்

வரவேற்புரை நடுவில் அண்ணாச்சி வீட்டில் கரண்டு போயிற்று. தலைவர் நாற்காலியில் தூங்கிவிட்டார். மிச்சம் நாங்கள் ஏழு பொம்பளைகள்.

சாலை பஜாரில் தையல் கடை வைத்திருக்கும் ஜெபமலர் கேட்டாள், "மைனி, அண்ணன் கடைசியா என்ன சொன்னாவ?"

சொன்னேன்: ஆம்புலன்சில் ஏறும்போது, "கேஸ் அடுப்பை அடைச்சியாட்டி"ன்னு கேட்டாரு. "போய்ட்டு வாரும், பெரிய கேஸு"ன்னேன். அவ்வளவுதான். ஒரு நல்ல வார்த்தை சொல்லக் கூடாதா நான்? என்ன பொம்பளை நான்?

"அது நல்ல வார்த்தைதான் மைனி. போய்ட்டு வாரும்னுதானே சொன்னிய" என்று சொல்லி ஜெபமலர் அழுதாள். பிறகு நான். ஐயோ, எப்படி அழுதேன்! ஏழு பேரும். சத்தம் விட்டு விட்டுக் கேட்டது. பரவாயில்லை.

கரண்டு வந்ததும் அண்ணாச்சி, "எல்லாரும் மியூட் பண்ணுங்க, வரவேற்புரை பாக்கி இருக்கு" என்றார். ஒருத்தியும் பண்ணவில்லை.

4 ஜூலை

சங்கத்துக் கூட்டம் உண்டு. போகவில்லை. நாங்கள் மூன்று மணிக்குத் தனியே கூப்பிட்டுக்கொள்கிறோம். தலைவர் கிடையாது.

11 ஜூலை

ஸ்ரீவராகத்தில் இருக்கும் மங்கலம் மாமியை ஜெபமலர் சேர்த்தாள். மகன் போய்விட்டான். மாமி வாயே திறக்கவில்லை.

"ஒண்ணும் பேசாண்டாம் மாமி. நான் பாத்திரம் தேய்ச்சிட்டு இங்கயே இருக்கேன்" என்று போனைச் சாய்த்து வைத்தேன். எல்லாம் தேய்த்துக் கவிழ்த்தாயிற்று.

"அவன் பேர் கௌசிக்" என்றாள் மாமி.

கையைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்தேன்.