மூடிமேல் பீடம்

ஐப்பசி 20, திங்கள்

மு. துணை. விடிந்ததிலிருந்து தூறல். சஷ்டி விரதம் முதல் நாள். தலைக்கு ஊற்றிவிட்டு வந்து பார்த்தால் முற்றத்தில் கக்கூஸ் தண்ணீர். மறுபடியும். வருஷத்துக்கு ஒரு தடவை அடைத்த குழாய், ஆடிக்குப் பிறகு இது நாலாவது தடவை. பூஜை அறைப் படியைப் பார்த்து வருகிறது. அடுப்புச் சாம்பலைக் கொட்டி வரப்புக் கட்டினேன். மறுபடி குளியல்.

வீட்டுக்காரர் பல் தேய்த்துக்கொண்டே வந்து பார்த்தார்கள். புறவாசல் சுவரை ஓங்கி ஒரு மிதி. காரை உதிர்ந்தது. சுவருக்கு அந்தப் பக்கம் அத்தான், இவர்களுடைய கூடப்பிறந்த அண்ணன்.

“ஏலே, சுவரு ரெண்டு பேருக்கும் பொது. பைய மிதி.”

“சுவர மட்டுமா மிதிப்பேன்? வெளிய வாரும், காட்டுதேன்.”

பிறகு இரண்டு பக்கமும் எழுத முடியாத வார்த்தைகள். விரத நாளில் காதில் விழுந்ததே பாவம்.

செலவு: பினாயில், பிளீச்சிங் பவுடர், சூடம். மூன்றும் ஒரே கடையில், ஒரே பையில். சூடத்தைத் தனியாகக் கட்டித் தரச் சொல்லியிருக்கலாம்.

21, செவ்வாய்

மழை இல்லை. அடைப்பு எடுக்கிற இசக்கி வந்தான். மூங்கில் பத்தையை விட்டுக் குத்தினான். கொஞ்சம் வடிந்தது.

“அம்மா, குச்சி அங்கன ஒங்க அத்தான் பக்கத்து மூடிக்குக் கீழ போயி மெத்துமெத்துன்னு முட்டுது. மூடியத் தொறந்து மேலேருந்து எடுத்தாத்தான் உண்டு.”

“மூடிக்கு மேல மாடசாமி பீடம் இருக்கே.”

“அப்ப நான் வரலம்மா. எனக்கும் புள்ள குட்டி இருக்கு.” காப்பியைக் குடித்துவிட்டுப் போய்விட்டான்.

மத்தியானம் எஸ்.டி.டி. பூத்திலிருந்து ஏரலில் தம்பிக்குப் பேசினேன். “மூடியத் தொறக்க வேண்டியதுதானக்கா, இதுக்குப் போயி அழுதுகிட்டு” என்றான். மீட்டர் ஓடுகிறது, வேகமாகச் சொன்னேன். பாகம் பிரித்தபோது வீட்டுக்கு நடுவில் சுவர் வைத்தார்கள், மண்ணுக்கு அடியில் யார் வைத்தது? எங்கள் குழாய் அத்தான் புறவாசல் வழியாகத்தான் தொட்டிக்குப் போகிறது. அடைப்பு எடுக்கிற குழியும் மூடியும் அவர் பக்கம். அவருடைய கக்கூஸ் தொட்டியை ஒட்டியே இருப்பதால் அவருக்கு அடைக்காது. ஆடியில் மாடன் கனவில் வந்து இடம் காட்டினார் என்று குலசாமி கோயிலில் பிடிமண் எடுத்து வந்து, சரியாக அந்த மூடி மேலேயே பீடம் கட்டிவிட்டார். நானும் போய்ப் பொங்கலிட்டுக் கும்பிட்டேன். அன்றைக்கு உறைக்கவில்லை.

தம்பி சிரித்தான். “மாடனுக்குத் தச்சநல்லூர்ல வேற எடமே கெடைக்கலையா?”

எனக்குச் சிரிப்பு வரவில்லை. வைத்துவிட்டேன். மாடனை நான் சந்தேகப்படவில்லை. அத்தானைத்தான்.

23, வியாழன்

இவர்கள் கடை திறக்கவில்லை. வண்ணார்பேட்டையில் பட்டறைக்குப் போய் அரிவாளைத் தீட்டி வந்து அரிசிப் பானைக்குப் பின்னால் வைத்தார்கள்.

“தேங்கா வெட்டவா?” என்றேன்.

“தேங்கா மாதிரிதான்.” பிறகு, என்னைப் பார்க்காமல்: “இனி ஒரு சொட்டு முத்தத்துக்கு வரட்டும். பீடத்த இடிப்பேன். குறுக்க வந்தாம்னா அவனையும்.”

சொன்னால் செய்கிற ஆள். பாகம் பிரித்த அன்றைக்குக் கடைத் தராசுக்காக நடந்த சண்டையில் அத்தானுக்கு முன்பல் இரண்டு போனது. அந்தத் தராசு இப்போது யாருக்கும் இல்லை, பரணில் துருப்பிடிக்கிறது.

இவர்கள் குளிக்கப் போனபோது அரிவாளை எடுத்துச் சாம்பல் மூட்டைக்குள் சொருகினேன். பால், பழம் மட்டும். தலை சுற்றல்.

24, வெள்ளி

அடைமழை. விளக்கேற்றக் குனிந்தால் வேல் வைத்திருக்கிற பலகைக்கு அடியில் தண்ணீர். அந்தத் தண்ணீர்.

இவர்கள் அரிவாளைத் தேடினார்கள். கிடைக்கவில்லை. கடப்பாரையோடு அத்தான் புறவாசலுக்குப் போனார்கள். பின்னாலேயே ஓடினேன்.

“வெளிய போலே. சாமி எடம்.”

“பீ மூடி மேல கொண்டு வச்சிட்டு சாமிங்கியா நீ?”

ஒரு குத்து. பீடத்து மூலை பெயர்ந்தது. அத்தான் கையில் உலக்கை எப்போது வந்தது என்று தெரியாது. ஒரே அடி, காதுக்கு மேல். விடலைத் தேங்காய் உடைகிற சத்தம். இவர்கள் விழுந்தார்கள். விழுந்தபடியே காலை வாரி அத்தானைச் சாய்த்துக் கழுத்தைப் பிடித்துவிட்டார்கள். அத்தான் கண் பிதுங்குகிறது. நானும் அத்தான் சம்சாரம் அக்காவும் சேர்ந்து விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தோம். பீடத்தைச் சுற்றி மழைத் தண்ணீரில் ரத்தம் ஓடியது.

ஆஸ்பத்திரி. தையல். வழுக்கி விழுந்ததாகச் சொன்னேன். டாக்டர் நம்பவில்லை, எழுதிக்கொண்டார். நாளைச் சாயங்காலம் வீட்டுக்குப் போகலாமாம்.

மயக்கத்திலும் இவர்கள் வாய் ஓயவில்லை. “நாளைக்கு வாரேன். வந்து முடிக்கேன்.”

முருகா, அதற்குள் அந்தக் குழாய் திறந்தாக வேண்டும். இல்லையென்றால் நாளைக்கு அந்த வீட்டில் ஒரு பிணம், இந்த வீட்டுக்கு ஜெயில்.

25, சனி

சூரசம்ஹாரம். வானம் வெளுப்பு. கோயில் ஒலிபெருக்கி காலையிலிருந்தே.

குளிக்கும்போது தோன்றியது. மாடன் எப்படி இங்கே வந்தார்? ஒரு பிடி மண்ணில். அப்படியானால் ஒரு பிடி மண்ணில் கிளம்பவும் செய்வார்.

மஞ்சள் துணி, எலுமிச்சம்பழம், சூடம், தேங்காய். அக்கா கதவைத் திறந்தாள். முகம் வீங்கியிருந்தது. விளக்கு வைக்க வந்தேன் என்றேன். வைத்தேன். உடைந்த மூலைக்குள் கையை விட்டு ஒரு பிடி மண் எடுத்தேன். “அய்யா, எங்க வீட்டுக்கு வாரும்.” துணியில் முடிந்து மடியில் கட்டிக்கொண்டேன். நேற்றைய கடப்பாரை அங்கேயே கிடந்தது.

முதல் குத்துக்கே அத்தான் ஓடி வந்தார். “ஏட்டி கோமு, சாமியையா இடிக்கே? குடும்பம் வெளங்குமா?”

“சாமி என் மடியில இருக்காரு அத்தான். இது வெறும் செங்கல்.”

கையை ஓங்கினார். அக்கா நடுவில் வந்து நின்றாள். “அவ மேல கைய வச்சியள்னா ஒலக்கைய இன்னைக்கு நான் எடுப்பேன்.” அவள் குரல் உயர்ந்து நான் கேட்டதே இல்லை.

இடித்தேன். இடிக்க இடிக்கச் சுகமாக இருந்தது. முருகனுக்கு முன்னால் இதை மறைத்து என்ன ஆகப்போகிறது. வெறும் வயிறு, ஆனாலும் கை ஓயவில்லை.

மூடியை நெம்பினேன். உள்ளே வேர் இல்லை, துணி இல்லை. எங்கள் குழாய் வாயை அடைத்து ஒரு சாக்கு. இழுத்துப் போட்டேன். மணல் நிறைத்து, வாயைக் கயிற்றால் கட்டி, இரட்டை முடிச்சு. ஆடியில் பீடம் கட்டியபோது இங்கே கிடந்த சிமெண்ட் சாக்கு, அதே பச்சை எழுத்து. தண்ணீர் இரைந்துகொண்டு தொட்டிக்குப் போனது.

அத்தான் குனிந்து குழியைப் பார்த்தார். பிடரி எனக்கு முன்னால். நரை, உருத்திராட்சம், நேற்று இவர்கள் நகம் பதிந்த கோடு. கையில் கடப்பாரை. ஒரு குத்து போதும். எவ்வளவு நேரம் அப்படி நின்றேனோ. மடியில் மண் கனத்தது. கடப்பாரையை விட்டேன். அவர் கால்விரல் மேல் விழுந்தது. வேண்டுமென்றுதான் விட்டேன். அவர் நொண்டிக்கொண்டே உள்ளே போனார்.

சாக்கை நானும் அக்காவும் உரக்குழியில் புதைத்தோம். ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்ளவில்லை.

வீடு முழுக்கக் கழுவி, குளித்து, மாடனைச் சொளகில் வைத்துப் பூஜை அறைக்கு வெளியே இறக்கினேன். இடம் பிறகு பார்க்க வேண்டும். குழாய் போகாத இடமாக.

சாயங்காலம் இவர்கள் தலைக்கட்டோடு ரிக்‌ஷாவில் வந்தார்கள். செருப்பைக் கூடக் கழற்றாமல் கக்கூஸுக்குப் போய் ஒரு வாளித் தண்ணீர் ஊற்றிப் பார்த்தார்கள். போனது. இன்னொரு வாளி. போனது.

“உள்ள என்னட்டி கெடந்துச்சு?”

“வேரு. முருங்க வேரு.”

“பொய் சொல்லுதியா?”

“விரதத்துல சொல்லுவேனா?”

என் முகத்தையே பார்த்தார்கள். பிறகு அரிசிப் பானைக்குப் பின்னால் கையை விட்டுத் துழாவினார்கள்.

“சரி. அரிவாள எங்க வச்சே?”

சுவருக்கு அந்தப் பக்கம் அத்தான் இருமினார்.