எட்டு லேத்துகள்

அன்புள்ள அப்பா,

வேலை கிடைத்துவிட்டது. சமுதாயக் கல்லூரியில் இரண்டு வருடம் ஓட்டிப் பழகிய அதே வகை லேத் இயந்திரம், நம் ஊர்த் தொழிற்சாலையிலேயே.

ஆனால் ஓட்டுவதற்கு இல்லை. தொழிற்சாலையை மூடுகிறார்கள். எட்டு லேத்துகளையும் கழற்றி வேறு ஊருக்கு அனுப்ப வேண்டும். "நீதாம்மா இதைப் படிச்சவ, ஒரு போல்ட்டுகூட மாறக்கூடாது," என்றார் சூப்பர்வைசர்.

"பொண்ணைக் கட்டிக் குடுத்த மாதிரி நிக்கிறியே, பாப்பா!" என்று, முதல் லேத்தைக் கழற்றியதும் என் முகத்தைப் பார்த்து ஃபிட்டர் அண்ணன் சிரித்தார்.

ஒவ்வொரு பாகத்திலும் எண் எழுதி ஒட்டினேன். அங்கே மறுபடி பூட்டுபவர் திணற மாட்டார். வெள்ளிக்கிழமை கடைசி லாரி போகிறது. என் வேலையும் அதோடு சரி.

எனக்கு வேலை கிடைத்ததும் அந்தக் காவல் வேலையை விட்டுவிட்டு ஊர் திரும்புவதாகச் சொன்னீர்கள். இன்னும் டிக்கெட் எடுக்கவில்லையென்றால், எடுக்க வேண்டாம் அப்பா.

நீங்கள் இன்ஜினியரம்மா என்று கூப்பிடும்
மகள்