தட்டிப் பார்த்த தரை

குட்டிம்மாவின் அம்மாவுக்கு,

நான் கல்லுக்குண்டாட்டம் இருக்கிறேன். உன் இடுப்புவலி தேவலையா, அப்பா மாத்திரையை ஒழுங்காகப் போடுகிறாரா என்று முதலில் எழுது.

நேற்று லீவு. எங்கள் அறையில் சமைக்கும் அண்ணனோடு படகேறி, கடலோரப் பழைய ஊருக்குப் போய்வந்தேன். அரை மணிப் பயணம்தான். லைஃப் ஜாக்கெட் போட்டிருந்தேன், பயப்படாதே. தூரத்தில் கலங்கரை விளக்கம் தெரிந்ததும் நான் போட்ட கூச்சலில் அண்ணன் கையிலிருந்த டீ கொட்டிவிட்டது!

அங்கே இருநூறு வருஷத்து மாளிகை ஒன்று. எல்லாரும் அண்ணாந்து கூரையைப் பார்க்க, நான் குனிந்து தரையைப் பார்த்தேன். டைல்ஸ் ஒட்டுகிறவன் கை சும்மா இருக்குமா? உட்கார்ந்து ஒரு கல்லைத் தட்டிவிட்டேன். காவலாளி ஓடி வந்தார்.

"என்னய்யா பண்றீங்க?"

"இந்தக் கல்லுக்கு அடியில சாந்து இல்லாம காலியா இருக்கு சார். சத்தமே காட்டிக்கொடுக்குது பாருங்க."

அவரும் மண்டிபோட்டுக் காதை வைத்துக் கேட்டார். அப்புறம் என்னை விட்டால்தானே! அறை அறையாகக் கூட்டிப்போய்த் தட்டச் சொன்னார். நான் காட்டிய பதினொரு கல்லிலும் சாக்பீஸால் வட்டம் போட்டார். கடற்கரையில் கால் நனைக்கக்கூட நேரமில்லை. கடைசிப் படகுக்கு ஓடினோம். ஆனாலும் அப்படி ஒரு சந்தோஷம்!

யாராவது இந்தப் பக்கம் வந்தால் உன் பழைய நூல்புடவை ஒன்று கொடுத்தனுப்பு. முட்டிக்கு அடியில் மடித்துப் போட இங்கே எதுவும் சரிப்படவில்லை. துவைக்காமல் அனுப்பினாலும் பரவாயில்லை.

வேலைக்குப் போகும் வண்டி ஹாரன் அடிக்கிறது. அடுப்படியில் ஒரு கல் ஆடுகிறது என்றாயே, யாரையும் கூப்பிட்டு ஒட்டச் சொல்லிவிடாதே. நான் வந்து ஒட்டுகிறேன். அதுவரை தாண்டி நட.

குட்டிம்மாவின் அப்பா