கண்ணாடியில் எழுதிய மாவட்டப் பெயர்

ஸ்டான்டன், டெக்சாஸ்
ஏப்ரல் 14, செவ்வாய்

அன்பு மகள் கெண்ட்ராவுக்கு அம்மா எழுதுவது. மேய்ன் குளிரில் நீயும் ராய்ஸும் சளி, இருமல் இல்லாமல் இருக்கிறீர்கள் என்று நம்புகிறேன். இங்கே உன் அப்பாவும் நானும் கை கால் முழுசாக இருக்கிறோம். கை கால் முழுசாக என்று ஏன் எழுதினேன் என்பது போகப் போகத் தெரியும், பதறாதே, நடந்தது நடந்து முடிந்துவிட்டது. போனில் சொல்லாமல் ஏன் கடிதம் என்று கேட்பாய். முப்பது அடி வண்டியில் குடித்தனம் நடத்துகிறவர்களுக்கு ரகசியம் ஏது, நான் குளியலறைக்குள் போய் முணுமுணுத்தாலும் உன் அப்பா ஓட்டுநர் இருக்கையில் இருந்துகொண்டு யாரோட பேசுற என்பார். அதனால் வீட்டு வண்டிகள் நிறுத்துகிற இந்த முகாமில் துணி துவைக்கிற அறைக்கு அழுக்கு மூட்டையோடு வந்து, மெஷின் சுற்றுகிற நேரத்தில் எழுதுகிறேன். இரண்டு தடவை துவைத்தாவது எழுதி முடிப்பேன்.

மே ஒன்பதாம் தேதி உனக்கும் ராய்ஸுக்கும் கல்யாணம் என்று நீ சொன்ன நாளிலிருந்து சாப்பாட்டு மேஜையில் சாப்பாட்டுக்கே இடமில்லை, வரைபடம்தான் கிடக்கிறது. அரிசோனாவில் இருந்து மேய்னுக்கு நேராக ஒரு கோடு போட்டால் அது ஓக்லஹோமா வழியாகப் போகிறது, ஏப்ரலில் அந்தப் பக்கம் சுழல்காற்று நேரம். கொஞ்சம் வடக்கே ஏறினால் பனி இன்னும் போகவில்லை, முகாம்களில் மே பிறக்கிற வரை தண்ணீர்க் குழாயைத் திறக்க மாட்டார்கள். நாலு வருஷம் முன்னால் பென்சில்வேனியாவில் அவசரப்பட்டுத் தொட்டியை நிரப்பி, ஒரே ராத்திரியில் குழாயெல்லாம் உறைந்து வெடித்ததை நீ மறந்திருக்க மாட்டாய். தெற்கே சுற்றினால் நானூறு மைல் கூடுதல். உன் அப்பா சுற்ற மாட்டேன் என்று ஒற்றைக் காலில் நின்றார். விமானத்தில் வாருங்கள் என்று நீ சொன்னதற்கு என்ன சொன்னார் தெரியுமா, என் பொண்ணு கல்யாணத்துக்கு நான் வாடகைக் கார்ல போய் இறங்கணுமா, வீட்டோடயே போய் வாசல்ல நிப்பேன் என்றார். நெப்ராஸ்கா வீட்டை விற்ற பிறகு இந்த வண்டிதானே வீடு, அதை விட்டுவிட்டு வர அவருக்கு மனசு ஒப்பவில்லை, எனக்கும்தான்.

சனிக்கிழமை நடந்ததைச் சொல்கிறேன். நாங்கள் வழக்கமாக மதியம் இரண்டு மணிக்கு மேல் சாலையில் இருப்பதில்லை, இந்த மாதங்களில் இடியும் புயலும் அதற்கு மேல்தான் கிளம்பும். அன்றைக்கு இன்னும் நாப்பது மைல்தான், இன்னும் நாப்பது மைல்தான் என்று சொல்லிச் சொல்லி நாலு மணியாக்கிவிட்டார். உனக்குத்தான் தெரியுமே, ரேடியோக்காரன் புயல் வருகிறது என்று ஊர் பெயர் சொல்ல மாட்டான், மாவட்டத்தின் பெயரைத்தான் சொல்லுவான், எங்களைப் போல நாளுக்கொரு இடமாய்த் திரிகிறவர்களுக்கு எந்த மாவட்டத்தில் இருக்கிறோம் என்றே தெரியாது. அதற்காகத்தான் உன் அப்பா மாவட்ட எல்லைப் பலகையைப் பார்த்த உடனே முன்கண்ணாடி மூலையில் மெழுகுப் பென்சிலால் பெயரை எழுதி வைப்பார், பதினோரு வருஷமாக ஒரு தடவை தவறியதில்லை, என்னையும் தொடவிட மாட்டார். அன்றைக்கு மார்ட்டின் மாவட்டத்துக்கு அவசர எச்சரிக்கை, உடனே கட்டடத்துக்குள் போங்கள் என்று ரேடியோ கத்துகிறது. எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அவரோ, அது நமக்கில்லம்மா, நாம மிட்லண்ட்ல இருக்கோம், கண்ணாடியப் பாரு என்றார். பார்த்தேன், மிட்லண்ட் என்றுதான் எழுதியிருந்தது. நானும் சரி என்று கம்பளிப் பின்னல் வேலையை எடுத்துக்கொண்டேன், என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும். கொஞ்ச தூரம் போனதும் வலது பக்கம் கையைக் காட்டி, எவ்வளவு பெரிய மலை பாரு, போன தடவை இத கவனிக்கவே இல்லையே என்றார். கெண்ட்ரா, இங்கே மலை கிடையாது. கண்ணுக்கு எட்டிய வரை பருத்தி வயல், வயலை விட்டால் எண்ணெய்க் கிணறு. நான் திரும்பிப் பார்த்தால் தரையில் இருந்து வானம் வரைக்கும் கரும்பச்சையாக நிற்கிறது மேகம்.

ஏங்க, இந்த ஊர்ல ஏது மலை, அது மேகங்க என்று கத்தினேன். நாற்பது வருஷம் தானியக் கிடங்கில் வேலை பார்த்த மனுஷன், புல் அறுக்கலாமா வேண்டாமா என்று சுற்றுப்பட்டு விவசாயிகள் எல்லாம் போன் போட்டுக் கேட்கிற வானத்துக்காரர், மேகத்தை மலை என்கிறார். அந்த நிமிஷம் எனக்குப் புயல் பயம்கூடப் பின்னால் போய்விட்டது. நல்லவேளை இந்த முகாமின் பலகை கண்ணில் பட்டது. உள்ளே திருப்பியதும் ராமோனா என்று முகாமை நடத்துகிற பெண் துண்டை வீசிக்கொண்டு ஓடிவந்தாள். வண்டிய அப்படியே போட்டுட்டு வாங்க, பொட்டி படுக்கையெல்லாம் அப்புறம் என்று எங்களை இழுத்துக்கொண்டு போய்ப் பெண்கள் குளிக்கிற அறைக்குள் தள்ளினாள், இங்கே கான்கிரீட் சுவர் இருப்பது அது ஒன்றுக்குத்தான். பதினோரு பேர், இரண்டு நாய். உன் அப்பா ஷவருக்குக் கீழே தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு பள்ளிக்கூடத்தில் தண்டனை வாங்கியவர் மாதிரி நின்றார். கால் மணி நேரம் ஆலங்கட்டி கொட்டியது, சுழல்காற்று தெற்கே ஒரு மைல் தள்ளிப் பருத்தி வயலோடு போய்விட்டது. எங்கள் வண்டியில் கூரை ஜன்னல் இரண்டும் உடைந்தது, படுக்கை நனைந்தது, அவ்வளவுதான்.

வண்டிக்குத் திரும்பியதும் அவர் கண்ணாடியில் இருந்த பெயரைச் சட்டைக் கையால் அழித்தார். இப்ப எந்த மாவட்டத்துல இருக்கோம் என்று கேட்டார். மார்ட்டின் என்றேன். மெழுகுப் பென்சிலை என் கையில் வைத்து, நீ எழுது என்றார். எல்லைப் பலகை தாண்டிப் போனதே அவருக்குத் தெரியவில்லை. பிறகுதான் ஒவ்வொன்றாக வந்தது. ஜனவரியில் டூசானில் கண் டாக்டரைப் பார்த்தது, வலது கண்ணில் நடுப்பகுதி மங்கிப்போனது, இடது கண்ணிலும் ஆரம்பித்திருப்பது, இனிமேல் வண்டியே ஓட்டக்கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொன்னது. என்னிடம் புதுக் கண்ணாடி மாத்தணுமாம் என்று மட்டும் சொல்லியிருந்தார். அவ கல்யாணம் முடியட்டும்னு இருந்தேன், அதுக்கப்புறம் சாவிய நானே குடுத்திருப்பேன் என்றார். எனக்கு வந்த கோபத்தில் பாத்திரங்களை உருட்டினேன். மூன்று மாதமாக அரைக் கண்ணோடு என்னைப் பக்கத்தில் உட்காரவைத்து ஓட்டியிருக்கிறார். கத்தி முடித்த பிறகு அழுதேன், அவரும் அழுதார். கெண்ட்ரா கிட்ட சொல்லிடாத என்று கேட்டுக்கொண்டார், நானும் சரி என்றேன். அந்தச் சரியைத்தான் இப்போது மீறிக்கொண்டிருக்கிறேன்.

ஆகவே இனி நான்தான் ஓட்டப்போகிறேன். சிரிக்காதே. ஞாயிற்றுக்கிழமை பள்ளிக்கூடத்து மைதானத்தில் பழகினேன், இரண்டு குப்பைத்தொட்டி போயிற்று. உன் அப்பா பக்கத்தில் உட்கார்ந்து, திரும்பறப்ப முன்னாடி மட்டும் பாக்காத, உனக்கொரு வாலு இருக்கு, அது பின்னாடி போய் இடிக்கும் என்று சொல்லிக்கொண்டே இருந்தார். எழுபது வயதில் எனக்கு வால் முளைத்திருக்கிறது. கூரை ஜன்னல் நாளை வந்துவிடும், வியாழக்கிழமை காற்று தணியும் என்கிறார்கள், அன்றைக்குக் கிளம்புகிறோம். தெற்கே சுற்றித்தான் வருவோம், இப்போது அவர் மறுக்கவில்லை. லூசியானா, மிசிசிப்பி, அலபாமா, பிறகு வர்ஜீனியா மலை ஓரமாக வடக்கே. ஒரு நாளைக்கு நூற்றைம்பது மைலுக்கு மேல் என்னால் ஆகாது, அப்படிப் பார்த்தால் ஓட்டுவதற்குப் பதினெட்டு நாள், காற்றுக்கும் மழைக்கும் உட்கார்ந்திருக்க ஐந்து நாள்தான் மிச்சம். திரும்பத் திரும்ப விரல்விட்டு எண்ணுகிறேன், ஒரு நாள்கூடக் கூட மாட்டேன் என்கிறது. தூங்கப் போனால் லாரிகள் என் மேல் ஏறி வருகின்றன.

நீ செய்ய வேண்டியது, முதலில் பிரயாணத்தைப் பற்றி உன் அப்பாவிடம் அவசரப்படுத்துகிற மாதிரி ஒரு வார்த்தை பேசாதே. உங்கள் தெருவில் சேறு காய்கிற வரை கனமான வண்டி வரக்கூடாது என்று கம்பத்தில் ஆரஞ்சுத் தாள் அடித்திருப்பார்களே, அதை எடுத்துவிட்டார்களா என்று பார்த்துச் சொல், எடுக்காவிட்டால் பெரிய சாலையிலேயே எங்காவது நிறுத்த இடம் கேட்டு வை. எட்டாம் தேதி ராத்திரிக்குள் நாங்கள் வந்து சேரவில்லை என்றால் காத்திருக்காதே, கல்யாணத்தை நடத்து. இதை எழுத எனக்குக் கை வரவில்லை, ஆனால் உன்னை நினைத்து நான் வேகமாக ஓட்டிவிடக்கூடாது பார். வந்து சேர்ந்துவிட்டால், தேவாலயத்துப் படியில் அவர் கையைப் பிடித்துக்கொள். மூன்று படி என்றாயே, ஒவ்வொரு படிக்கும் அவர் கையை லேசாக அழுத்து. பார்க்கிறவர்களுக்கு அவர்தான் உன்னை அழைத்துப் போவது போல் இருக்கட்டும்.

உன் மனசும் ராய்ஸ் மனசும் ஒன்றாக இருந்து, அடுப்பு அணையாத வீடாக உங்கள் வீடு இருக்க வேண்டும் என்று கடவுளை வேண்டிக்கொள்கிறேன். ராத்திரி சாப்பிடாமல் படுக்காதே. ராய்ஸுக்கு என் அன்பு.

உன் அம்மா,
லவோன் ஹ்ருஸ்கா

பி.கு. துணி எடுக்க உன் அப்பா வந்துவிட்டார். நான் கடிதத்தை மறைக்கக்கூட இல்லை, அவரால் படிக்க முடியாது. யாருக்கு என்றார், உனக்கு என்றேன். நானும் ஒரு வரி எழுதுறேன் குடு என்று பேனாவை வாங்கினார். கீழே பாதிப் பக்கம் காலியாகத்தான் கிடந்தது, ஆனாலும் என் ஆசீர்வாதத்தின் மேலேயே எழுதிவிட்டார், உன்னால் படிக்க முடியாது என்று மறுபடி கீழே எழுதுகிறேன்: கெண்ட்ரா, இங்க வானம் நல்லா தெளிவா இருக்கு, நான் பாத்து நிதானமா ஓட்டிட்டு வரேன், நீ அம்மாவ நெனச்சுக் கவலப்படாத. எழுதி முடித்துவிட்டு, வரி கோணாம வந்திருக்கா என்று கேட்டார். நேராகத்தான் வந்திருக்கிறது என்று சொன்னேன்.