ஒரு வாட்டில் இரண்டு ஆதம்பாவா

என் அன்பான புஷ்பம்,

காய்ச்சலில் நீ கண்ணை மூடி ஒன்பது மாதமாகிறது. உன் இடத்துக்கு இன்னும் வேறு நர்ஸ் வரவில்லை. போன கிழமை கல்முனைச் சந்தையில் உன் அம்மாவைக் கண்டேன். என் கையைப் பிடித்துத் தன் கன்னத்தில் வைத்துக்கொண்டா.

நாளைக்குக் காலையில் என்னை விசாரணைக்குக் கூப்பிட்டிருக்கிறார்கள். பயத்தில் எழுத்தெல்லாம் கோணுகிறது. உனக்குச் சொல்லாமல் வேறு யாருக்கு நான் சொல்ல?

செவ்வாய்க்கிழமை பகல் நடந்தது. ஆஸ்பத்திரி ஆண்கள் வாட்டில் நான் ஒருத்திதான் நர்ஸ். கூட அட்டெண்டன் கனகம்மாக்கா மட்டும். மழை ஒழுகியதால் காலையிலேயே கட்டில்களை இடம் மாற்றியிருந்தோம். டொக்டர் சாப்பிடப் போயிருந்தார். திடீரென்று வெளியே கடைக் கதவுகளை இழுத்து மூடுகிற சத்தம். "சந்தியில டயர் எரியுது, றோட்ட மறிச்சிட்டாங்க" என்று யாரோ கத்திக்கொண்டு ஓடினார்கள். இந்தக் காலம் எப்படி என்று உனக்கே தெரியும், டயர் எரிந்தால் அடுத்தது கலவரம்தான். என் இரண்டு பிள்ளைகளும் சாய்ந்தமருதில், பள்ளிக்கூடத்தில். கையில் ஊசி இருந்தது, மனசு அங்கே இல்லை.

வாட்டில் ஆதம்பாவா என்ற பேரில் இரண்டு பேர். ஒருவர் இறக்காமத்து வயல்காரர். மண்வெட்டி வெட்டிக் கால் பழுத்து வந்தவர். பெனிசிலின் அவருக்குத்தான். மற்றவர் சாய்ந்தமருதுக் கடல்காரர், மூச்சு இழுக்கிற முட்டு வருத்தம். பெனிசிலின் இவருக்கு ஒத்துக்கொள்ளாது என்று கட்டில் தலைமாட்டுச் சீட்டில் சிவப்பு மையில் எழுதியிருந்தது. எழுதினதே நான்தான்.

நீ இருந்தபோது நம்மில் ஒருத்தி சீட்டை வாசிப்பாள், மற்றவள் நோயாளியிடம் கேட்பாள்: பேர் என்ன, வாப்பா பேர் என்ன, எந்த ஊர். "காலையிலயும் கேட்டீங்களே மிஸ்ஸி" என்று அவர்கள் சிரித்தால், "பின்னேரமும் கேப்பன்" என்பாய். அன்றைக்கு நான் ஊரையும் கேட்கவில்லை, சீட்டையும் பார்க்கவில்லை. "ஆதம்பாவா காக்கா?" என்று அண்ணன் முறை சொல்லிக் கேட்டேன். "ஓம் மிஸ்ஸி" என்று அந்த மனிதர் திரும்பிப் படுத்தார். கால் போர்வைக்குள்ளே இருந்தது. போட்டுவிட்டேன்.

திரும்பி நடக்கப் போனேன்.

"மிஸ்ஸி, உள்ளங்கை சொறியுது. நெஞ்சையும் இறுக்குது."

அப்போதுதான் சீட்டைப் பார்த்தேன். சிவப்பு மை. புஷ்பம், இவர் கடல்கார ஆதம்பாவா. அவருடைய உதடு வீங்கி நீலமாகிறது. மூச்சு இழுபடுகிறது. இப்படி நடந்தால் டொக்டர் வரும்வரை பார்த்துக்கொண்டு நிற்காமல் அட்ரினலின் போடச் சொல்லி வாட்டில் எழுதி ஒட்டியிருக்கிறது. மருந்து தட்டிலேயே இருந்தது. அந்தச் சின்னக் கண்ணாடிக் குப்பியை எனக்கு உடைக்க முடியவில்லை. கனகம்மாக்கா என் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்தா. "கைய ஆட்டாதீங்க மிஸ்ஸி. போடுங்க."

போட்டேன். ஒட்சிசன் வைத்தேன். அவர் என் உடுப்பின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு விடவேயில்லை. நான் நாடியைச் சத்தமாக எண்ணினேன். எண்ணுகிற இடைவெளியில் கலிமா ஓதினேன். எவ்வளவு நேரம் என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. மெல்ல மெல்ல மூச்சு வந்தது.

டொக்டர் பின் ஒழுங்கையால் ஓடி வந்தார். "முட்டு கூடிட்டுது போல" என்றார். கனகம்மாக்கா என் காதுக்குள், "அப்பிடியே நினைக்கட்டும் மிஸ்ஸி. உங்கட வேல போயிரும்."

ஓர் ஆள் வாயை மூடிக்கொண்டு நிற்க எவ்வளவு நேரம் வேண்டும்? நான் நின்றேன், புஷ்பம். உன்னிடம் பொய் சொல்லமாட்டேன். ஆனால் முட்டு என்று நினைத்தால் அவர் முட்டுக்கான மருந்தைத்தானே கொடுப்பார்? "டொக்டர், பெனிசிலின் போட்டுட்டன். ஆள் மாறிட்டு. என்ட பிழை." அவர் என்னைப் பார்த்த பார்வையை நீ பார்த்திருக்கக் கூடாது. பெனிசிலின் ஒத்துக்கொள்ளாததற்குரிய ஊசியைப் போட்டார். மறுகா, "வெளிய நெலம சரியில்ல. வீட்டாக்களிட்ட இப்ப ஒண்டும் கதைக்க வேணாம்" என்றார்.

அன்று பின்னேரம் என் பிள்ளைகள் பக்கத்து வீட்டாரோடு பத்திரமாக வந்து சேர்ந்தார்கள். நான் அவர்களைக் கட்டிப்பிடிக்கக் கூசினேன்.

மறுநாள் கடல்காரருடைய பெண்சாதி ஒரு பெட்டி மஸ்கட் இனிப்புக் கொண்டுவந்தா. "என்ட மனிசன காப்பாத்தின கை இது" என்று என் கையை எடுத்து முத்தமிட்டா. அந்த முத்தத்தை என்னால் தாங்க முடியவில்லை. இரண்டு பேருக்கும் முன்னால் சொல்லிவிட்டேன். அவ பெட்டியைத் திரும்ப மூடித் தன் பக்கம் இழுத்துக்கொண்டா.

அவர்தான் கேட்டார். "சீட்டைப் பார்க்கலையா?"

"பார்க்கல்ல காக்கா."

"ஏன்?"

"பயந்துட்டன். புள்ளைகள் பள்ளிக்கூடத்தில இருந்திச்சி."

எழும்பி உட்கார்ந்தார். "எனக்கும் புள்ளைகள் இரிக்கி மிஸ்ஸி" என்றார். அவ்வளவுதான்.

பிழையை எழுதி நானே மேட்ரனிடம் கொடுத்தேன். அதற்குத்தான் இந்த விசாரணை. வேலை போகுமா, வேறு ஊருக்கு அனுப்புவார்களா, தெரியவில்லை. அதைவிடப் பெரிய பயம் ஒன்று இருக்கிறது. இப்போது யார் பேரைக் கூப்பிட்டாலும் இவர்தானா என்று சந்தேகம் வருகிறது. ஊசி எடுத்தால் மூன்று தரம் சீட்டைப் பார்க்கிறேன், நாலாம் தரமும் நம்பிக்கை வரவில்லை. இந்தப் பயம் என்னை நல்ல நர்ஸாக்குமா, உதவாதவளாக்குமா? நீ இருந்தால் என்ன சொல்லியிருப்பாய்?

கடல்காரர் இன்று சுகமாகித் துண்டு வெட்டி வீட்டுக்குப் போனார். வாசலில் நின்று என்னைக் கூப்பிட்டார். மன்னிச்சிட்டன் என்று சொல்வார் என நினைத்தேன். சொல்லவில்லை.

"நாளைக்கு விசாரணைக்கு நானும் வாறன். நடந்தத மட்டும்தான் கதைப்பன்."

"அது போதும் காக்கா" என்றேன்.

புஷ்பம், உனக்கு வாக்குத் தாறேன். நாளைக்கு றோட்டையும் டயரையும் மழையையும் முன்னுக்கு நிறுத்தி நான் பின்னுக்கு ஒளியமாட்டேன். நடுங்கினால் நடுங்கிக்கொண்டே சொல்லுவேன். மறுபடி வாட்டுக்குள் விட்டார்களென்றால், நடுங்குகிற கையோடு ஒரு நோயாளிக்கும் கிட்டப் போகமாட்டேன்; நின்று, மூச்செடுத்து, கை அடங்கின பிறகுதான் போவேன்.

வயிறு வேறானாலும் உனக்கு மூத்தவள்,
உன் ராத்தா ரஹீமா