மண்டபத்துக்குப் பின்னால் நாரைகள்

ஜன. 5, திங்கள்

காலையிலிருந்து தூறல். கொடி முழுக்க ஈரத் துணி. சனிக்கிழமை அறக்கட்டளையின் ஆண்டு விருந்து. அன்று சேரும் நன்கொடையில்தான் வருடம் முழுக்கக் குளங்களையும் பறவைகளையும் பார்த்துக்கொள்கிறோம். பாக்கி: மேடைப் பூ, மைக், சமையல்காரர் காதர் பாயிடம் சைவப் பந்தி பற்றிச் சொல்வது, என் ரவிக்கை.

மாலை சங்கரன் அண்ணாச்சி போன். குளத்தங்கரை மண்டபம் அவருடையது. விருந்துக்கு வருடா வருடம் சும்மாவே தருகிறார்.

"மெர்சி, இந்த வருசம் கடைசியில வாணவேடிக்கை. சிவகாசியிலேருந்து ஆள் வாரான்."

சரி அண்ணாச்சி என்று வாய் சொல்லிவிட்டது. போனை வைத்த பிறகுதான் உறைத்தது. பறவைக்காக விருந்து, அதில் வெடி.

செல்வின்: "சாப்பிடும்போதாவது கால ஆட்டாம இரேன்." வீட்டுக்காரருக்கு என்ன தெரியும்.

6, செவ்வாய்

வெயில். மண்டபம் பார்க்கப் போனேன். மார்கழியில் கல்யாணம் கிடையாது, பூட்டியே கிடந்திருக்கிறது. அந்த அமைதியை நம்பி, சமையல்கட்டுக்குப் பின்னால் கருவேல மரங்களில் மஞ்சள்மூக்கு நாரைகள் கூடு கட்டுகின்றன. எப்போதும் குளத்தின் நடுவில்தான் கட்டும். ஒன்று குச்சியோடு இறங்கியது, மற்றது எழுந்து அலகால் வாங்கிக்கொண்டது. சந்தோஷப்பட வேண்டியவள். வியர்த்துவிட்டது. வெடி மட்டுமா? எங்கள் மைக், விளக்கு, கூட்டம், எல்லாமே கலைத்துவிடும்.

அறக்கட்டளைத் தலைவர் டாக்டரிடம் சொன்னேன். "ஒரு ராத்திரிதானம்மா. அவர் மனச நோகடிக்காத."

7, புதன்

சரியான தூக்கம் இல்லை. அண்ணாச்சியின் இரும்புக் கடைக்கே போனேன். வெடி வேண்டாம், விருந்தையும் சர்ச் ஹாலுக்கு மாற்றிவிடலாம் என்றேன். எப்படியோ சொல்லிவிட்டேன், கொஞ்சம் வேகமாக.

"எம் மண்டபம் பறவைக்கு ஆகாதுன்னு எங்கிட்டயே சொல்லுத. தை பொறந்தா வரிசையா கல்யாணம். அதுக்கும் பூட்டிரட்டுமா?"

அதை நான் யோசிக்கவே இல்லை.

"போ, செய். நான் வரல."

8, வியாழன்

ஹால் கிடைத்தது. எங்கள் சபைப் போதகர் ஐயர் ஒரே ஒரு நிபந்தனை வைத்தார், சத்தம் கூடாது. டாக்டர் வாட்ஸப்பில் "நோட்டட்", அவ்வளவுதான். காதர் பாய் மட்டும், "அடுப்பு எங்கன போடணும்னு சொல்லுங்க, போதும்."

எல்லாருக்கும் போன். "ஏன் மாத்துனிய?" ஆளுக்கொரு காரணம் சொல்லிவிட்டேன் போலிருக்கிறது. தொண்டை கட்டிவிட்டது.

9, வெள்ளி

ரவிக்கை வந்தது. கை இறுக்கம். அண்ணாச்சி போன் எடுக்கவில்லை. மறுபடியும் அடித்தேன். எடுக்கவில்லை.

10, சனி

முடிந்தது. பாதி நாற்காலி காலி. அண்ணாச்சியோடு வரும் கடைத்தெரு ஆட்கள் ஒருவர்கூட இல்லை. நன்கொடை போன வருடம் மாதிரி இல்லை. டாக்டர் மேடையில் சிரித்தார், இறங்கியதும் "பாத்தியாம்மா" என்றார். பிரியாணி மிச்சம். செல்வின் நாற்காலிகளை அடுக்கினார். செய்தது சரிதான். சரி என்றால் ஏன் இப்படி அரிக்கிறது?

11, ஞாயிறு

ஆராதனை முடிந்து நேராகக் குளத்துக்கு. மண்டபத்தின் பின்பக்கம் அண்ணாச்சி நின்றுகொண்டிருந்தார். திரும்பிவிடலாம் என்று பார்த்தேன், அதற்குள் பார்த்துவிட்டார்.

"உம்மேல கோவம் தீரல, பாத்துக்க."

"சரி அண்ணாச்சி."

"முட்ட போட்டுட்டா?"

"போட்டிருக்கும். அந்த ஒண்ணு எந்திரிக்கவே மாட்டேங்குது."

மரத்தைப் பார்த்தபடியே அவர், "தையில மொதக் கல்யாணம். மேளத்த ரோட்டுப் பக்கம் வச்சுக்கோ, வெடி கூடாதுன்னு பொண்ணு வீட்டுக்காரன்ட்ட சொல்லிட்டேன். சண்டைக்கு வாரான். உள்ளதான் இருக்கான். நீ வந்து பேசு."

"நானா? என்ன சொல்லட்டும்?"

"எங்கிட்ட சொன்னதத்தான். ஆனா எங்கிட்ட சொன்ன மாதிரி சொல்லாத. பைய சொல்லு."

உள்ளே போனேன். பெண்ணின் அப்பா நாற்காலியை விட்டு எழுந்தார். "நீங்கதான் அந்த நாரைக்காரம்மாவா?"