மூன்றாவது எப்சிபா

மாசசூசெட்ஸ், நவம்பர் 1846

அன்புள்ள அப்பாவுக்கு,

இந்தக் குளிரில் உங்கள் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? அம்மா சரியாகத் தூங்குகிறார்களா? நான் சுகம். தறிக்கூடத்துப் பஞ்சால் வந்த இருமல்தான், பயப்பட ஒன்றுமில்லை.

உங்கள் கொள்ளுப்பாட்டி எப்சிபாவின் ஊருக்குப் போய்ப் பிறப்புப் பதிவேட்டைப் பார்த்தேன். எழுத்தர் சிரித்தார்.

"எந்த எப்சிபாம்மா வேணும்? ஒரே வீட்டுல மூணு பேரு! மூத்தது எட்டு மாசத்துல போயிடுச்சு. அடுத்ததுக்கும் அதே பேரை வெச்சாங்க, அதுவும் ரெண்டு வயசுல போயிடுச்சு. மூணாவதுதான் பொழச்சு, கல்யாணம் கட்டி, உங்க வம்சத்தைப் பெத்தவ."

"அவங்க பிறந்த தேதி?"

"அதை யாரும் எழுதலையேம்மா. ரெண்டு தடவை எழுதிக் கை சலிச்சிருக்கும்."

நம் வீட்டு பைபிளில், குடும்பத்தார் பிறந்த தேதிகளை எழுதிவைக்கும் பக்கங்களில், அவருக்கென்று இருக்கும் தேதி செத்துப்போன மூத்த குழந்தையுடையது. அதை அடித்துவிடாதீர்கள் அப்பா. அந்தக் குழந்தைக்குக் கல்லறைக் கல்கூட இல்லை.

இரண்டு ஜோடி கம்பளிக் காலுறையும் கொஞ்சம் உலர்ந்த ஆப்பிளும் அனுப்புங்கள். பொட்டலத்தை அம்மா கையால் கட்டச் சொல்லுங்கள்.

ஆலை மணி அடிக்கிறது, ஓட வேண்டும். ஒன்றே ஒன்று. எனக்கு முன் பிறந்து இறந்த அக்காவுக்கும் எப்சிபா என்றுதானே பெயர்? பைபிளில் உங்கள் பிள்ளைகளின் பெயர்களை எழுதிய பக்கத்தில் அந்தப் பெயர் ஒருமுறைதான் இருந்ததாக ஞாபகம். அதற்கு நேரே இருக்கும் தேதி யாருடையது? அம்மாவிடம் கேட்காமல் நீங்களே பார்த்து எழுதுங்கள்.

உங்கள் மகள்,
இரண்டாவது எப்சிபா